இறக்கத்தில் இரண்டு கார்கள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுவிட்டுக் கண்ணை மூடியது. ஆறு பேரில் ஒருவரும் வெறும் வயிற்றோடு படுத்ததில்லை, அடுத்தவர் வாசலில் போய் நின்றதில்லை. இதை முதலில் எழுதிவைக்கிறேன். அடுத்து எழுதப்போவது பயத்தைப் பற்றி. அதை வைத்து என்னைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். கை மெதுவாகத்தான் போகும். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. போகட்டும். ஆனால் என் பேரன் கொழும்புக்குப் போவதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

பேரன் என்றால் என் மூத்த மகனின் மகன். கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் அவனுக்குச் சாரதி வேலை கிடைத்திருக்கிறது. ஓட்டப்போவது பழைய கார் இல்லை. தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கும் இரண்டு ஆள் கார். நான் ரேஸ் கார் என்பேன். "ஸ்போர்ட்ஸ் கார், அப்பாயி" என்று திருத்துவான். அப்படிப்பட்ட கார் ஒன்றில் நானும் ஒருநாள் உட்கார்ந்து வந்திருக்கிறேன். ஓட்டியது அவன் அப்பா. அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். பேரனுக்குத் தெரியாது. தெரியாமலே அவன் அந்த வேலைக்குப் போய்விட்டால் பிழைத்து வருவானா என்பதுதான் என் பயம்.

முதலில் எங்கள் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு வெள்ளைக்காரத் துரை ஓட்டியது. அவர் தோட்டத்தை விட்டுக் கப்பலேறியபோது என் வீட்டுக்காரர் வாங்கினார். கறுப்பு நிறம். தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்குகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். கதவுக்குக் கீழே மிதிபலகை உண்டு. அதில் கால் வைத்து, பட்டுச்சேலை கசங்காமல், தலை குனியாமல் ஏறலாம். உள்ளே போனால் நாற்காலியில் உட்காருவது மாதிரி முதுகை நிமிர்த்தி உட்காரலாம். ரோட்டில் போகிறவர்கள் நம்மைப் பார்ப்பார்கள், நாமும் அவர்களைப் பார்க்கலாம். வண்டி திரும்பும்போது, எந்தப் பக்கம் என்று காட்ட, பக்கத்துத் தூணிலிருந்து சிக்னலாக ஒரு சின்னக் கை டக்கென்று வெளியே நீளும். மழைக்காலத்தில் அந்தக் கை மக்கர் பண்ணும். அப்போது நான் கண்ணாடியை இறக்கி என் கையை நீட்டுவேன். எஞ்சினில் எண்ணெய் குறைந்தால் முனகும், பிரேக் தேய்ந்தால் கீச்சிடும். நோவு எங்கே என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிற கார்.

அந்தக் காரில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. யட்டவத்தைப் பக்கம் போனாலும், நாலந்தா தாண்டித் தம்புள்ளைச் சந்தைக்குப் போனாலும், கூட நான் இருந்தால் இறக்கத்தில் என் வீட்டுக்காரர் "புடி" என்பார். இரண்டு சீட்டுக்கும் நடுவில் நிற்கும் கைப்பிரேக்கை நான் வலது கையால் இழுத்துப் பிடிப்பேன். அவர் காலால், நான் கையால். சாரதி வேலையில் பாதி என்னுடையது என்று நான் சொன்னால் பொய்யில்லை.

எங்கள் மலையில் சாரதிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேட்டு உச்சிக்கு வந்ததும் கியரை நியூட்டரில் தள்ளி, எஞ்சினை அமர்த்திவிடுவார்கள். பிறகு வண்டி தானாக உருளும், ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லாமல் டவுன் வரைக்கும் வந்துவிடலாம். பெட்ரோலுக்கு நாட்டில் எல்லாரும் வரிசையில் நின்ற சமயத்தில், அப்பாவிடம் பழகிய என் மகன் அப்படித்தான் காலத்தை ஓட்டினான். அந்தப் பழைய காருக்கு அதனால் கெடுதல் கிடையாது. எஞ்சின் தூங்கினாலும் பிரேக் விழித்திருக்கும். மிதிக்கிற காலுக்கும் கீழே உருளுகிற சில்லுக்கும் நடுவில் வேறு ஆள் இல்லை. புதுக் காரில் காலுக்கு உதவி செய்கிற ஆளே எஞ்சின்தான் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

போன வருஷம் என் தங்கச்சி பேத்திக்குக் கல்யாணம். மேலே தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டி, கீழே மாத்தளை டவுன் மண்டபத்தில் பகல் சாப்பாடு. பொண்ணு மாப்பிள்ளைக்கு எங்கள் கறுப்புக் கார். அதைப் பேரன் ஓட்டினான். மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவன் கொழும்பிலிருந்து சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்திருந்தான். காலையிலிருந்து அதை உறும விட்டு உறும விட்டு வீடியோ எடுத்தார்கள். தோட்டத்து லயத்து வீடுகளின் பிள்ளைகள் எல்லாம் அதைச் சுற்றித்தான் நின்றார்கள். எங்கள் காரை ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறுக்கவில்லைதான்.

தாலி கட்டி முடிந்ததும் அந்தக் கார்க்காரத் தம்பி கூட்டாளிகளோடு சேர்ந்து குடித்துவிட்டான். என் மகன் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"தம்பி, இந்த வாடையோட நீங்க எறங்க வேணாம். இது மலை ரோடு. வேன்ல ஏறிக்கங்க, வண்டிய நான் கொண்டாறேன்."

"ஓட்டுவீங்களாண்ணே? ஒன்னும் கஷ்டமில்ல. பட்டன அமுக்குனா ஸ்டார்ட்டு. கியர்கூட மாத்த வேணாம்."

பழைய காரில் பொண்ணு, மாப்பிள்ளை, தோழிப்பெண், முன்னால் வீடியோக்காரன். எனக்கு இடமில்லை. சிவப்புக் காரில் ஓர் இடம் இருந்தது. வீடியோக்காரன்தான் ஆரம்பித்து வைத்தான்.

"பாட்டிய அதுல ஏத்துங்க. கண்ணாடிய எறக்கி விட்டா படத்துக்கு எடுப்பா இருக்கும்."

அந்தக் கதவுக்குள் நுழைவது எனக்குப் பெரும்பாடு. மிதிபலகை இல்லை, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. முதலில் குந்த வேண்டும், பிறகு காலைத் தூக்கி உள்ளே போட வேண்டும். என் தங்கச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று சிரித்தாள்.

"மடக்கிப் படு அக்கா. ஒன்ன பொட்டிக்குள்ள வக்கிற மாதிரியே இருக்கு."

"ஒன்ன வக்கிறப்ப நான் வந்து பாக்குறேன்டி. இப்ப கையக் குடு."

உள்ளே போனதும் சீட்டு என்னை இரண்டு பக்கமும் இடுக்கிப் பிடித்தது. புதுச் செருப்புக் கடை வாசம். முன்னால் பார்த்தால் பொனட்டும் இல்லை, ரோட்டின் ஓரமும் இல்லை, வானம்தான் தெரிந்தது. என் உட்காரும் இடத்துக்கும் தார் ரோட்டுக்கும் ஒரு சாண்கூட இருக்காது. மகன் பட்டனை அமுக்கினான். அந்தச் சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சுக்குள் விழுந்தது. எங்கள் கார் பேசும், இது அதட்டும். இதை மகனிடமும் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "பெல்ட்டப் போடுங்கம்மா" என்றான்.

பிள்ளையார் கல் இருக்கிற மேட்டுக்கு வந்தோம். வேன் வெகுதூரம் முன்னால் போய்விட்டது. கறுப்புக் காரும் இறங்கி, ரோடு வளைகிற முடக்கில் மறைந்துவிட்டது. மகன் முன்னால் இருந்த திரையைப் பார்த்தான்.

"காலையில இருந்து சும்மா உறுமியே குடிச்சிருக்கு. பெட்ரோல் லைட்டு எரியுது. டவுன் பெட்ரோல் செட்டு வரைக்கும் தாங்குமோ என்னவோ. அப்பா வித்தையக் காட்டிற வேண்டியதுதான்."

நியூட்டரில் தள்ளினான். பட்டனை விடாமல் அமுக்கிப் பிடித்தான். சத்தம் நின்றது. நான் "அப்பாடா" என்றேன். உண்மையாகவே எனக்கு நிம்மதி. காற்றுச் சத்தமும் சில்லுச் சத்தமும் மட்டும்.

முதல் முடக்கில் பிரேக் பிடித்தது. இரண்டாவது முடக்கில் பிடித்தது, ஆனால் மகன் சீட்டில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து மிதித்தான். மூன்றாவதுக்கு வரும்போது, "அம்மா" என்றான்.

ஐந்து வயதில் காலடியில் பாம்பைக் கண்டபோது அவன் கூப்பிட்ட குரல் அது. அதற்குப் பிறகு நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

"என்னடா?"

"பிரேக்கு கல்லாட்டம் இருக்கு. எறங்க மாட்டேங்குது."

என் வலது கை தானாகப் போனது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் கைப்பிரேக்கைத் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. வழவழவென்று ஒரு தட்டு, அதில் யாருடைய போனோ கிடந்தது, சின்னச் சின்னப் பொத்தான்கள். எது எதற்கு என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கணம் வந்த பயத்தை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். என் கைக்கு அங்கே வேலை இல்லை. அதுதான் பயம். மலை என்னைப் பயமுறுத்தியதில்லை. எத்தனையோ இறக்கத்தில் நான் கையால் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

"பட்டன அமுக்குடா!"

"அமுக்குறேன், வரல்லயே!"

திரையில் சிவப்பு எழுத்துகள் வந்து வந்து போயின. ஸ்டியரிங் இறுகிவிட்டது. ஆட்டுக்கல்லைத் திருப்புவது மாதிரி இரண்டு கையாலும் அவன் திருப்பினான். வலது பக்கம் பள்ளம். மிளகுக்கொடி ஏறிய மரங்களின் உச்சிதான் ரோட்டு மட்டத்தில் தெரிந்தது. அந்த முடக்கைத் திரும்பியதும் முன்னால் எங்கள் கறுப்புக் கார்.

பின்னால் ரிப்பன் கட்டி, மெதுவாக, ஊர்வலம் மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் புதுத் தாலியோடு ஒரு பெண், அவளைக் கட்டியவன், தோழிப்பெண், வீடியோக்காரன். ஸ்டியரிங்கில் என் பேரன்.

மகன் ஹோனை அமுக்கினான். விடாமல் அமுக்கினான்.

கல்யாணக் கார்கள் எங்கள் பக்கம் இறங்கும்போது வழியெல்லாம் ஹோன் அடித்துக்கொண்டுதான் இறங்கும். அது சந்தோஷம். கறுப்புக் கார் பதிலுக்கு பப்பப்பென்று அடித்தது. வீடியோக்காரன் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே போட்டுக் கமராவை எங்கள் பக்கம் திருப்பினான். கிட்ட வாங்க, இன்னும் கிட்ட வாங்க என்று கையை ஆட்டினான். பின் கண்ணாடியில் பொண்ணு திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். படம் நன்றாக விழட்டும் என்று என் பேரன் வேகத்தைக் குறைத்தான்.

மகன் இன்னும் அடித்தான். அவன் இன்னும் குறைத்தான்.

"அடிக்காதடா! நீ அடிக்க அடிக்க அவன் நிப்பாட்டுறான்!"

மகன் கையை எடுத்தான். நான் கண்ணாடி இறக்கியிருந்த ஜன்னல் வழியாக இடது கையை முழுசாக வெளியே நீட்டினேன். மழைக்காலத்தில் காட்டுவேனே, அந்த மாதிரி. உள்ளங்கையை விரித்து, ஓரமாகு ஓரமாகு என்று தள்ளித் தள்ளிக் காட்டினேன். அலறினேனா என்று யாராவது கேட்டால், இல்லை. அலறுவதற்கு மூச்சு இல்லை.

ரிப்பனில் இருந்த முடிச்சுகூடத் தெரிகிற தூரம் வந்துவிட்டோம். அப்போதுதான் அந்தக் கறுப்புக் காரின் பக்கத்துத் தூணிலிருந்து சின்னக் கை டக்கென்று வெளியே வந்தது. இடது பக்கம். நாங்கள் முந்திப்போய்ப் படத்துக்கு முன்னால் வர ஆசைப்படுகிறோம் என்று பேரன் நினைத்திருக்கிறான். ரோட்டோரத் தண்ணீர்க் கானை ஒட்டி ஒதுங்கினான். மகன் ஸ்டியரிங்கை இழுத்தான், நாங்கள் வலது பக்கமாகப் போனோம். எதிர் முடக்கில் ஒரு பஸ் வந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. ஒன்றும் வரவில்லை. போகும்போது பேரன் முகத்தைப் பார்த்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு.

"அப்பாயி! ஜாலியா?"

அவன் சத்தம் பின்னால் போய்விட்டது.

பாலத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஏற்றம் உண்டு. அதுதான் எங்களைக் காப்பாற்றியது, சாமிக்கு அடுத்தபடியாக. ஏற்றத்தில் வேகம் செத்தது. மகன் சீட்டைவிட்டு எழும்பாத குறையாக இரண்டு காலையும் பிரேக்கில் ஊன்றினான். வண்டி நின்றது. நின்று, பின்னால் ஓர் அடி வழுக்கி, மறுபடி நின்றது.

"அம்மா, கால எடுத்தா போயிரும்."

பெல்ட்டை எப்படியோ கழற்றினேன். அந்தக் குழிக்குள்ளிருந்து எழும்ப முடியவில்லை. கையை முதலில் ரோட்டில் ஊன்றி, முழங்காலை ஊன்றி, பட்டுச்சேலையோடு தவழ்ந்துதான் வெளியே வந்தேன். கான் ஓரத்தில் கிடந்த கல்லைப் புரட்டிக்கொண்டுவந்து பின் சில்லுக்கு அணை கொடுத்தேன். "விடு" என்றேன். அவன் காலை எடுத்தான். வண்டி அசையவில்லை. அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. ஐம்பது தாண்டிய ஆண்பிள்ளை. நான் வெளியே நின்று அந்தத் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

கறுப்புக் கார் வந்து நின்றது. எல்லாரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். மகன் முகத்தைத் துடைத்தான். ஒரு பார்வை பார்த்தான் என்னை. இத்தனை வருஷம் வண்டி ஓட்டி, ஒரு கீறல்கூட விடாதவன் என்று டவுனில் பேர் எடுத்தவன். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எனக்குத் தலைய சுத்திருச்சி. பயமா இருந்திச்சி. நான்தான் நிப்பாட்டச் சொன்னேன்."

"அப்பாயி பயந்துட்டாங்களா!" பேரனுக்கு ஆச்சரியம். "எங்கள எல்லாம் அந்த அதட்டு அதட்டுற ஆளு!"

"ரோட்டுல முட்டி போட்டிருக்காங்க, சேலையப் பாருங்க" என்றான் மாப்பிள்ளை.

அன்றைக்கு ஆரம்பித்த கேலி இன்னும் ஓயவில்லை. எந்த விசேஷத்திலும் அந்தக் கதை வரும். என் தங்கச்சி நடித்தே காட்டுவாள், தவழ்ந்து. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பேரன் அந்தச் சிவப்புக் காருக்குள் குனிந்து பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அமுக்கினான். ஓடும்போது வராதது, நின்ற இடத்தில் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி உடனே எழும்பியது. என் மகன் அதை எஞ்சினோடு, ஊர்ந்து ஊர்ந்து கொண்டுபோனான். வீடியோக்காரன் அதில் மாறி ஏறினான். நான் கறுப்புக் காரில் முன்னால் உட்கார்ந்தேன். என் கை கைப்பிரேக்கை விடவில்லை.

"கைய எடுங்க அப்பாயி, நான் ஓட்டுறேன்ல."

சொல்லிக்கொண்டே அடுத்த இறக்கத்தில் சாவியைத் திருப்பி எஞ்சினை அமர்த்தினான். "தாத்தா வித்தை" என்று கண்ணைச் சிமிட்டினான். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது.

அன்று சாயங்காலம் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அவனுக்குத் தெரிய வேணாம்மா. அப்பா மாதிரி ஓட்டணும்னு சொல்லிக்கிட்டுத் திரியிறான். அவன் முன்னால நான் தல குனிய முடியாது."

நான் தலையை ஆட்டினேன். ஒரு வருஷமாகக் காப்பாற்றினேன்.

போன கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேரன் புது வேலையைப் பற்றிப் பேசினான். அந்தக் கார் பெட்ரோலைத் தண்ணீர் மாதிரிக் குடிக்குமாம். முதலாளி கண்டிப்பான ஆளாம்.

"அதுக்கென்ன? கொழும்பு ரோட்டுல கடுகண்ணாவ எறக்கம் முழுக்க ஆஃப் பண்ணிப் போட்டு உருட்டிருவேன். இந்த வித்தை கொழும்புக்காரனுங்களுக்குத் தெரியுமா?"

என் மகனின் கை சோற்றில் அப்படியே நின்றது. சொல்லுவான் என்று காத்திருந்தேன். பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பிப் போய்விட்டான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. பெற்ற பிள்ளைக்கு முன்னால் சின்னவனாகிப் போவது லேசில்லை. ஆனால் எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த ரிப்பன் முடிச்சு கிட்டே கிட்டே வருகிறது. ஒரு வித்தியாசம், இப்போது பின்னால் வருகிற சிவப்புக் காரில் பேரன் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்துச் சீட்டில் ஆள் இல்லை.

நான் தலையாட்டியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மகன் கோபித்தால் கோபிக்கட்டும், சமாளித்துக்கொள்வேன். வாய்விட்டுச் சொல்ல உட்கார்ந்தால் பாதியில் அழுதுவிடுவேன், பாட்டிக்குப் பயம் தெளியவில்லை என்று சிரித்துவிட்டுப் போய்விடுவான். அதனால்தான் எழுதினேன்.

எழுதி முடித்தாயிற்று. மகன் உள்ளே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேப்பர் பார்க்கிறான். பேரன் வாசலில் நின்று துணி காயப்போடுகிறான். கூப்பிடுகிறேன்.

தம்பி, கையத் தொடச்சிட்டு இங்க வா. இந்தா, என் எழுத்து. கோணலா இருக்குன்னு சிரிக்காத. மொதல்ல இருந்து சத்தமா வாசி. அப்பா கேப்பான், கேக்கட்டும். அவன் எழும்பி வந்தாலும் நீ பாதியில நிறுத்தாத.